படம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டுவதுதான் என் வேலை. செல்லின் படத்தைப் பார்த்தே பிரிக்கும் புது இயந்திரங்களைச் சொல்லும்போது, அந்த அரைப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வெள்ளை அணு எத்தனை, சிவப்பு அணு எத்தனை என்று இயந்திரமே எண்ணிக் கொடுக்கிறது. நீங்கள் சொல்வதும் அதேதானே? எண்ணுவதற்கும் பிரிப்பதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?
– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

எண்ணி முடித்த செல் நேராகக் கழிவுக் குடுவைக்குப் போய்விடும். அதைப் பற்றி அப்புறம் யாருக்கும் கவலை இல்லை. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் ஒரு நுண்துளை, அதன் வழியே மின்சாரம். துளைக்குள் செல் நுழையும்போது மின்தடை சட்டென்று ஏறும். எத்தனை முறை ஏறியதோ அத்தனை செல். எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் செல்லின் பருமனும் தெரியும். எண்ணுவதற்கு இது போதும்.

பிரிப்பதென்றால் கேட்ட செல் கைக்கு வர வேண்டும். அதுவும் உயிரோடு, பக்கத்துச் செல்லை இழுத்துக்கொண்டு வராமல். 1965-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர் இதைச் செய்துகாட்டினார். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர் மைத்துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து வளைத்து, தாளில் கோடு போடும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். ஃபுல்வைலர் அந்த உத்தியைக் கூல்ட்டரின் எண்ணும் முறையோடு சேர்த்தார். மைக்குப் பதில் உப்புநீர், அதற்குள் செல். பிறகு ஸ்டான்ஃபோர்டின் லெனார்ட் ஹெர்சன்பெர்க் லாஸ் அலமோஸிலிருந்து வரைபடங்களை வாங்கி, பருமனுக்குப் பதில் ஒளிரும் சாயத்தை அடையாளமாக வைத்துப் பிரிக்கும் இயந்திரத்தைத் தன் குழுவோடு உருவாக்கினார். 1969-இல் அந்தக் கட்டுரை வந்தது. இன்று நான் ஓட்டும் இயந்திரம் அதன் நேர்வாரிசு.

காலையில் இயந்திரத்தைப் போட்டதும் நான் முதலில் பார்ப்பது ஒரு சின்னத் திரையை. நாசிலிலிருந்து, அதாவது நுண்துளை உள்ள முனையிலிருந்து, கீழே இறங்கும் நீர்த்தாரை அதில் தெரியும். மேலே கண்ணாடிக் குச்சி மாதிரி நேராக இருக்கும். கொஞ்சம் கீழே வந்ததும் இடுப்பு இடுப்பாக ஒடுங்கும், அப்புறம் துளித்துளியாக அறும். நாசிலைப் படிகம் ஒன்று அதிரவைப்பதால்தான் இத்தனை ஒழுங்காக அறுகிறது. 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளை உள்ள நாசிலில் விநாடிக்குச் சுமார் 30,000 துளிகள். 70 மைக்ரானில் அழுத்தத்தைக் கூட்டினால் 90,000 வரை போகும். தாரை அறுவதற்கு முன்பே லேசர் செல்லைத் தொட்டுவிடும். அது வேண்டிய செல் என்று தெரிந்தால், அந்தச் செல் இருக்கும் துளி அறுகிற அதே நொடித்துணுக்கில் தாரைக்கு மின்னூட்டம் கொடுக்கப்படும். அறுந்த துளி மின்னூட்டத்தோடு விழும். இருபுறமும் சில ஆயிரம் வோல்ட் தகடுகள் இருப்பதால் துளி பக்கவாட்டில் விலகிக் குழாய்க்குள் போய் விழும். மற்றவை நேரே கழிவுக்கு.

இதில் எல்லாமே அந்த அறும் இடத்தைப் பொறுத்தது. அது ஒரு துளி மேலே ஏறினாலும் இறங்கினாலும் மின்னூட்டம் பக்கத்துத் துளிக்குப் போய்விடும். வேண்டாத செல்லைப் பத்திரமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வேண்டியதைக் கொட்டிவிடும். திரையில் எண்களெல்லாம் அழகாகவே இருக்கும்.

நிறம் பார்த்துப் பிரிக்கும் முறை 50 ஆண்டுகளாக நன்றாகத்தானே நடக்கிறது? இப்போது எதற்குப் படம்?
– உயிர்வேதியியல் மாணவி

நிறம் 'எவ்வளவு' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது.

ஒரு செல்லின் மேல் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றி விடுவோம். லேசர் பட்டதும் செல் ஒளிரும். அந்த ஒளி முழுவதும் ஓர் உணரியில் விழுந்து ஒரே ஓர் எண்ணாக வெளியே வரும். அந்த எண்ணைத் திரையில் புள்ளியாக வைத்து, வேண்டிய புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி வேலி போடுவோம். எங்கள் பேச்சில் அது 'கேட்'. நோய் எதிர்ப்பு செல்களை வகை பிரிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இன்றும் இல்லை என்பேன்.

ஆனால் சில கேள்விகளுக்கு அந்த எண் ஊமை. ரெல்-ஏ என்று ஒரு புரதம். அழற்சிச் செய்தி வரும்வரை உட்கருவுக்கு வெளியே இருக்கும், வந்ததும் உட்கருவுக்குள் போகும். உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் மொத்த அளவு ஏறக்குறைய அதேதான், ஆகவே எண்ணும் மாறாது. படம் இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். 2022-இல் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் பெக்டன் டிக்கின்சன் நிறுவனமும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. செல்களில் ஒன்றுக்கு ஒரு மரபணு என்று முடக்கிவிட்டு, ரெல்-ஏ உள்ளே போன செல்களையும் போகாத செல்களையும் படத்தை வைத்துத் தனித்தனியாகப் பிரித்தார்கள். எந்த மரபணுவை முடக்கினால் அந்தப் பயணம் நிற்கிறது என்பது பிரித்த குழாய்களிலிருந்து தெரிந்துவிடும். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து இதைச் செய்வதென்றால் யாரும் ஆரம்பிக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இது என் சொந்த எரிச்சல். பச்சையும் சிவப்பும் ஒன்றாகக் காட்டும் செல் கிடைத்தால் 'புதுவகை செல்' என்று குதிப்பவர்கள் உண்டு. படத்தைத் திறந்தால், பச்சைச் செல் ஒன்றும் சிவப்புச் செல் ஒன்றும் ஒட்டிக்கொண்டு ஜோடியாக வந்திருக்கும். எண்ணை வைத்தும் ஜோடிகளை ஓரளவு தள்ளலாம், தினமும் தள்ளுகிறோம். ஆனாலும் ஒன்றின் பின்னால் ஒன்று நெருக்கமாக ஒளிந்து வருபவை தப்பிவிடும்.

வேகமான கேமராவை வைத்துப் படம் எடுத்தால் முடிந்தது. கைபேசியே முகத்தை அடையாளம் காணும் காலத்தில் இது ஏன் இத்தனை கடினம்?
– மென்பொருள் பொறியாளர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாரையின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 10 மைக்ரான். லிம்போசைட் என்ற வெள்ளை அணுவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். கேமரா ஒரு மைக்ரோ விநாடி திறந்திருந்தால் செல் தன் உடல் அளவுக்கு நகர்ந்துவிடும், படத்தில் தீற்றல்தான் மிஞ்சும். அரை மைக்ரான் நுணுக்கம் வேண்டுமென்றால் 50 நானோ விநாடிக்குள் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் மங்கலான சாயத்திலிருந்து வரும் ஒளித்துகள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிச்சமே இல்லாமல் படம் எங்கிருந்து வரும்?

சரி, படம் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். லேசரைத் தாண்டிய செல் துளியாக அறும் இடத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிதான் ஆகும். அதற்குள் படத்தைச் சேர்த்து, கணினிக்கு அனுப்பி, முடிவெடுத்து, மின்னூட்டம் கொடுத்திருக்க வேண்டும். கைபேசி முகத்தை அடையாளம் காண அரை விநாடி எடுத்தால் யாரும் புகார் சொல்வதில்லை. இங்கே அரை விநாடியில் 15,000 துளிகள் கடந்து போயிருக்கும். சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் போதாது. எந்தச் செல்லுக்கும் ஒரே அளவு நேரம்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் துளி காத்திருக்காது. சாதாரணக் கணினி அவ்வப்போது வேறு வேலைக்குப் போய்த் திரும்பும். அது போதும், எல்லாம் கெட்டுவிடும்.

இதற்கு மூன்று வழிகளில் விடை தேடியிருக்கிறார்கள்.

முதலாவது, அவசரப்படாமல் இருப்பது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெய்சுகே கோடாவின் குழு 2018-இல் 'செல்' இதழில் வெளியிட்ட இயந்திரம் துளிகளையே கைவிட்டுவிட்டது. சில்லுக்குள் செதுக்கிய நுண்கால்வாயில் செல் போகும். படம் எடுத்து, நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களிலிருந்து தானே கற்கும் நிரல்) பார்த்து, முடிவு சொல்ல 32 மில்லி விநாடி. அதன் பின் கால்வாயின் இருபுறமும் உள்ள சவ்வுகள் நீரைத் தள்ளியும் இழுத்தும் செல்லைப் பக்கவழியில் திருப்பும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் 32 மில்லி விநாடியில் செல் 3 சென்டிமீட்டருக்கு மேல் போயிருக்கும். அத்தனை தூரம் போன பிறகும் 'இதோ, அதே செல் இங்கேதான் இருக்கிறது' என்று சொல்ல முடிய வேண்டும். அதாவது எல்லாச் செல்களும் கால்வாயின் நட்ட நடுவில் ஒரே வேகத்தில் போயாக வேண்டும். நியூரல் நெட்வொர்க்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால் வியக்க வேண்டியது இந்த ஓட்டத்தைத்தான். அந்த இயந்திரத்தில் விநாடிக்குச் சுமார் 100 செல்களைப் பிரித்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் தனியாக இருக்கின்றனவா, திரண்டிருக்கின்றனவா என்று பார்த்துப் பிரித்தது அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று.

இரண்டாவது, கேமராவையே தூக்கிப் போடுவது. நான் முன்னே சொன்ன 2022 இயந்திரம் அப்படி. லேசரை நிறையக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றையும் வேறு வேறு ரேடியோ அதிர்வெண்ணில் துடிக்க விடுகிறார்கள். செல் ஒளிரும்போது அதன் இடப்பக்க ஒளி ஓர் அதிர்வெண்ணில் துடிக்கும், வலப்பக்க ஒளி இன்னொன்றில். எல்லாவற்றையும் ஒரே வேகமான உணரி வாங்கிக்கொள்ளும். அதிர்வெண்களைப் பிரித்தெடுத்தால் எந்த ஒளி எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரியும். விநாடிக்கு 15,000 செல் வரை போகிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிரிக்கும் நொடியில் அங்கே பெரிய நியூரல் நெட்வொர்க் எதுவும் யோசிப்பதில்லை. ஒளி எவ்வளவு பரவியிருக்கிறது, இரண்டு நிறங்கள் எவ்வளவு ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன என்பது போன்ற சில அளவுகளை மின்சுற்றே கணக்கிட்டுவிடும். அந்த அளவுகளின் மேல் நாங்கள் பழையபடி கேட் போடுவோம். விளம்பரத்துக்கு இது கவர்ச்சியாக இல்லைதான். எனக்கு இதுவே பிடிக்கும். பிரித்தது தப்பாக இருந்தால் எந்த அளவு ஏமாற்றியது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிகிறது.

மூன்றாவதுதான் விசித்திரம். படமே வேண்டாம் என்கிறது. அதே டோக்கியோவில் சடாவோ ஓட்டாவின் குழு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது; பெயர் 'கோஸ்ட் சைட்டோமெட்ரி'. ஒழுங்கில்லாமல் சிதறிய ஒளிப்புள்ளிகளின் குறுக்கே செல்லை ஓடவிடுவார்கள். செல்லின் ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு புள்ளியைத் தொடும். உணரிக்குக் கிடைப்பது ஏறி இறங்கும் ஓர் அலை மட்டும். அந்த அலையிலிருந்து படத்தை மீட்கலாம், ஆனால் நேரம் ஆகும். பிரிக்கும்போது அவர்கள் மீட்கவில்லை. அலையை அப்படியே கற்றல் நிரலுக்குக் கொடுத்து, எந்த வகை செல் என்று கேட்டார்கள். முகத்தைப் பார்க்காமல் காலடிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று நாம் சொல்லிவிடுவதில்லையா, அது மாதிரி. வேலை செய்கிறது. ஆனால் ஏன் இந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் காட்டுவதற்குப் படம் கிடையாது.

இத்தனை அழுத்தம், லேசர், மின்னூட்டம். செல் பிழைக்குமா?
– பள்ளி மாணவர்

பெரும்பாலும் பிழைக்கும். முரட்டுச் செல்களுக்கு 70 மைக்ரான் நாசில், மென்மையானவற்றுக்கு 100 அல்லது 130, அழுத்தமும் குறைவு. விழும் குழாயில் ஊட்ட திரவம் வைத்து, குளிர்ச்சியாக வைத்திருப்போம். லேசரைவிட வெறும் குழாய்ச் சுவரில் போய் மோதிக் காய்வதுதான் செல்லுக்கு ஆபத்து.

சாயமே போடாமல், செல்லின் தோற்றத்தை மட்டும் பார்த்து இயந்திரம் வகை சொல்லும் என்கிறார்களே, நம்பலாமா?
– மருத்துவ ஆய்வக நுட்பர்

சில செல்களுக்கு நம்பலாம். 2016-இல் ஓர் ஆய்வு, சாதாரண ஒளியில் எடுத்த படத்தையும் செல் சிதறடிக்கும் ஒளியையும் மட்டும் வைத்து, செல்லுக்குள் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது, அது பிரியும் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஊகித்தது. 2020-இல் ஜெர்மனியில் யோஹென் குக்கின் குழு, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைச் சாயம் இல்லாமல் படத்தால் மட்டும் அடையாளம் கண்டு, ஒலியலையால் தள்ளிப் பிரித்துக் காட்டியது. வாசகருக்கே தெரியும், கண்ணாடித் தகட்டில் நியூட்ரோஃபிலின் உட்கரு மடல் மடலாக இருக்கும் என்று. அந்த மாதிரி உருவத்திலேயே முகவரி எழுதி வைத்திருக்கும் செல்லுக்கு இது சரி. ஆனால் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களில் இரண்டு வகையை எடுத்துக்கொண்டால், உதவும் வகையும் கொல்லும் வகையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அங்கே ஆன்டிபாடி இல்லாமல் ஆகாது.

சாயம் வேண்டாம் என்று ஏன் இத்தனை பேர் தவிக்கிறார்கள் என்றால், ஆன்டிபாடி ஒட்டினாலே சில செல்கள் விழித்துக்கொள்ளும். பிரித்த செல்லை மறுபடி வளர்க்கவோ நோயாளிக்குக் கொடுக்கவோ போகிறோம் என்றால் அது தொந்தரவு. ஆனால் ஒன்று. சாயமில்லாமல் பார்க்கக் கற்றுக்கொடுக்க, முதலில் சாயம் போட்ட செல்கள்தான் பாடப்புத்தகம். அந்தச் சாயம் தப்பாக இருந்தால் மாணவனும் தப்பாகவே படிப்பான்.

செல்லின் படத்தைப் பார்த்து வகை சொல்ல நான் பயிற்றுவித்த மாடல் (கற்றல் நிரல்), ஒதுக்கி வைத்த சோதனைப் படங்களில் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் என்று பிரிக்க வேண்டும். நேரடியாக இயந்திரத்தில் ஏற்றலாமா?
– ஆராய்ச்சி மாணவர்

கொஞ்சம் பொறுங்கள். எப்படி ஒதுக்கினீர்கள்?

ஒரே குழாயில் வந்த படங்களைக் குலுக்கி, பத்தில் எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் வைத்திருந்தால், அந்த 99 எனக்குப் பயன்படாது. ஒரே மனிதரின் ரத்தம், ஒரே நாள், ஒரே லென்ஸ் குவியம், ஒரே பாட்டில் சாயம். கேள்வித்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை. செல்களைப் பிரித்து ஒதுக்காதீர்கள், ஆட்களைப் பிரித்து ஒதுக்குங்கள். சிலர் கொடுத்த ரத்தத்தை மாடல் கண்ணிலேயே காட்டக்கூடாது. வேறு நாளில் ஓட்டிய குழாய்களையும் அப்படியே. அதில் 85 வந்தால், அந்த 85-ஐ நான் மதிப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் இயந்திரத்துக்கு வந்த ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். அவளுடையதும் மருந்து கொடுத்தது, கொடுக்காதது. எண்கள் பிரமாதம். பிரித்த செல்களைத் தட்டில் வைத்துப் பார்த்தால் மாடல் சொன்னதோடு ஒன்றும் பொருந்தவில்லை. ஓட்டிய வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மருந்தில்லாத குழாய் முதலில், மருந்துக் குழாய் கடைசியில். கடைசிக் குழாய் இரண்டு மூன்று மணி நேரம் ஸ்டாண்டில் காத்திருக்கும். காத்திருக்கும் செல் சும்மா இருக்காது. ஓரத்தில் கொப்புளம் விடும், உள்ளே மணல் மணலாகும். முதலில் ஓட்டிய அதே மருந்தில்லாத குழாயை, எல்லாம் முடிந்த பிறகு மறுபடி ஓட்டச் சொன்னேன். பெரும்பாலானவற்றை மாடல் 'மருந்து கொடுத்தது' என்றது. அவள் மாடல் மருந்தைப் படிக்கவே இல்லை, கடிகாரத்தைப் படித்திருந்தது. மாடல் மேல் குற்றம் இல்லை. அவள் கொடுத்த இரண்டு குவியல்களுக்கும் நடுவில் பளிச்சென்று இருந்த வேறுபாடு அதுதான். அதைத்தான் அது பிடித்துக்கொண்டது.

அப்புறம் அவள் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டினாள். எண் இறங்கியது, ஆனால் தட்டில் செல்கள் பொருந்த ஆரம்பித்தன.

ஆகவே ஏற்றுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். குழாய்களின் வரிசையைக் குலுக்குங்கள். மருந்தே படாத செல்களை இரண்டு குழாயாக்கி, ஒன்றுக்குப் பொய்யாக 'மருந்து' என்று பெயரெழுதிப் பயிற்றுவியுங்கள்; அங்கேயும் மாடல் நன்றாகப் பிரித்தால் அது வேறெதையோ பார்க்கிறது. படத்தின் நடுவில் செல்லை மறைத்துவிட்டு வெறும் பின்னணியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிரித்த பின், ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் நீங்களே பாருங்கள், மாடலிடம் கேட்காமல். இந்தக் கடைசி வேலையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரித்து முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிடும், எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோய் செல்லை இந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடும் என்று படித்தேன். உண்மையா?
– இல்லத்தரசி

ஒரு சொட்டில் இல்லை. ஏன் என்று எண்களே சொல்லும்.

கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றும் செல்களைத் தேடும் சோதனைகளில் வழக்கமாக எடுப்பது 7.5 மில்லி லிட்டர் ரத்தம். அதில் சிவப்பு அணுக்கள் மட்டும் ஏறக்குறைய 3,750 கோடி. வெள்ளை அணுக்கள் சுமார் 5 கோடி. நோய் பரவிய நிலையில்கூட நாம் தேடும் செல்கள் சில நேரம் நாலு, ஐந்து என்றுதான் இருக்கும். விநாடிக்கு 15,000 என்று ஓட்டினால் சிவப்பு அணுக்களைக் கடக்கவே ஒரு மாதம் ஆகும். ஆகவே அவற்றை முதலில் உடைத்து வெளியேற்றுவோம். மிச்சமுள்ள 5 கோடிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விநாடிக்கு 100 செல் பார்க்கும் இயந்திரம் என்றால் கிட்டத்தட்ட ஆறு நாள்.

நேரம்கூடப் பெரிய சிக்கல் இல்லை. மாடல் பத்தாயிரத்தில் ஒன்றைத்தான் தப்பாகச் சொல்கிறது என்று வைப்போம். கேட்க அற்புதமாக இருக்கிறது. 5 கோடியில் அது 5,000 தப்பு. ஐந்து நிஜச் செல்களையும் விடாமல் பிடித்தாலும், குழாயில் அவற்றோடு 5,000 வெள்ளை அணுக்கள் உட்கார்ந்திருக்கும். அரிய செல்லைத் தேடும்போது 'எத்தனை சதவீதம் சரி' என்று கேட்காதீர்கள், 'பிடித்ததில் எத்தனை நிஜம்' என்று கேளுங்கள். நடைமுறையில் இருக்கும் செல்சர்ச் என்ற சோதனை, 2004-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது, முதலில் காந்தத் துகளால் செல்களைத் திரட்டி, பிறகு படம் எடுத்து, கடைசியில் பயிற்சி பெற்ற மனிதர் பார்த்து முடிவு சொல்லும் முறையில்தான் இயங்குகிறது.

ரத்தப் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே நோய்ச் செல்கள் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலுமே இருக்கின்றன. சிகிச்சைக்குப் பிறகு பத்தாயிரத்தில் ஒரு நோய்ச் செல் மிச்சமிருந்தாலும் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கிறோம், அது அன்றாட வேலை. அதற்குப் படம்கூட வேண்டாம்.

கணினியை வைத்துப் புற்றுநோய் செல்லைத் தேடும் ஆசை புதிதும் அல்ல. 1960-களில் ஐபிஎம்மில் லூயிஸ் கமென்ட்ஸ்கி, கருப்பைவாய்ச் செல்களைத் தானாகச் சலித்துப் பார்க்கும் நோக்கத்தோடு, ஓடும் செல்களை ஒளியால் அளக்கும் கருவியைச் செய்தார். 1990-களில் அதே செல்களின் கண்ணாடித் தகடுகளைப் பார்க்க நியூரல் நெட்வொர்க் பயன்படுத்திய பாப்நெட் என்ற கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதலே கிடைத்தது. 'முதல்முறையாக' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இயந்திரமே எல்லாம் செய்தால் உங்கள் வேலை போய்விடாதா?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

நாசில் அடைத்துக்கொள்ளும்போது அதைக் கழற்றி அலசிப் போட ஆள் வேண்டுமே. வாரத்துக்கு ஒரு முறையாவது அடைக்கும், பெரும்பாலும் செல்களைச் சரியாக வடிகட்டாமல் கொண்டுவருபவர்களால்.

எனக்கு நிரல் எழுதத் தெரியும், உயிரியல் தெரியாது. இந்தத் துறைக்கு வர எங்கிருந்து தொடங்கலாம்?
– கணினி அறிவியல் பட்டதாரி

செல்ப்ரொஃபைலர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிராட் நிறுவனத்தில் ஆன் கார்பென்டரின் குழு வளர்த்தது. செல்லின் ஓரத்தை எப்படி வரைவது, உட்கருவை எப்படிப் பிரிப்பது, அளவுகளை எப்படி எடுப்பது என்பதை அதில் கைப்படப் பழகலாம். மாதிரிப் படங்களும் கூடவே கிடைக்கும். முதல் மாதம் நியூரல் நெட்வொர்க் பக்கம் போகாதீர்கள். பரப்பு, வட்டத்தன்மை, பிரகாசம் இந்த மூன்றை மட்டும் வைத்துப் பிரித்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும் என்று தெரியவரும். போதாத இடம் எது என்று தெரிந்தால்தான் பெரிய மாடல் எதற்கு என்பதும் தெரியும்.

பிறகு ஏதாவது ஆய்வுக்கூடத்தில் கேட்டு, பிரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்காருங்கள். தரவு வாங்கும்போது படங்களை மட்டும் வாங்கி வராதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் யாருடைய மாதிரி என்ற குறியீட்டு எண், ஓட்டிய தேதி, அன்று எத்தனையாவது குழாய், எத்தனை மணிக்கு, எந்த நாசில், சாயம் எந்தப் புட்டி என்ற விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். தர மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் கேட்காவிட்டால் எழுதி வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.